மஞ்ச வரல

'மஞ்ச வரல' பாட்டைக் கேட்காதவர் இன்று தமிழ்நாட்டில் இருக்க வழியில்லை. கல்யாண மண்டபத்தில் பெண்ணும் மாப்பிள்ளையும் உள்ளே வரும்போது அதைத்தான் போடுகிறார்கள். கபடிப் போட்டியில் ஆள் பிடிபட்டால் போடுகிறார்கள். போன தேர்தலில் ஒரு கட்சி அதை வரி மாற்றிப் போட்டது. மறுநாளே எதிர்க்கட்சி வரி மாற்றாமல் போட்டது. அந்தப் பாட்டு பிறந்த வரலாறு என்று ஒலி மரபுக் காப்புக் குழு வழவழப்பான தாளில் பதினாறு பக்கப் புத்தகம் ஒன்றை அச்சடித்திருக்கிறது. அட்டையில் குழுத் தலைவரின் படம் இருக்கிறது. உள்ளேயும் அவர் படம்தான். அந்தப் புத்தகத்தில் விடுபட்டுப்போன விஷயங்களை மட்டும் இங்கே சொல்கிறேன். விடுபட்டது அநேகமாக எல்லாமும்தான்.

குன்றாண்டார்கோவில் ஒன்றியத்தில் வேலாங்கொல்லை என்று ஓர் ஊர். கீரனூர் போகிற தார்ச்சாலை ஓரத்தில் திருப்பதி என்பவர் மாவு மில் வைத்திருந்தார். பதினோரு வருடம் குவைத்தில் ஒரு பேக்கரியில் மாவு பிசைந்துவிட்டு, இனிமேல் அரைப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று ஊருக்குத் திரும்பியவர். அதிகம் பேசமாட்டார். மில்லில் பாதி வேலையைப் பார்த்தது அவர் மனைவி சொர்ணவல்லி. பேச்சு வேலை முழுவதும் அவள் பொறுப்பு.

மில்லுக்கு இருபதடி தள்ளி ஒரு டிரான்ஸ்பார்மர் நின்றது. அதை இரும்புச் சட்டத்தோடு பிணைத்திருந்த போல்ட்டுகள் எந்தக் காலத்திலோ தளர்ந்துவிட்டன. அதனால் கரண்டு இருக்கும் நேரமெல்லாம் அது 'ஙொய்' என்று அதிர்ந்துகொண்டே இருக்கும். மேலே ஒரு கம்பி சேரும் இடத்திலும் பிடிப்பு விட்டிருந்தது. அங்கே ஒன்பது வினாடிக்கு ஒரு தடவை 'ட்டக்' என்று பொறி பறக்கும். பொறி பறந்தால் மில்லுக்கு வரும் மூன்று பேஸ் மின்சாரத்தில் ஒன்று போய்விடும். இரண்டு பேஸில் மோட்டார் முக்கும், முனகும், நின்று போகும். அந்த நேரத்தில் யாரும் ஓடிப்போய் அணைக்காவிட்டால் மோட்டாருக்குள் இருக்கும் செப்புக்கம்பிச் சுருளான காயில் கருகிவிடும். இரண்டு தடவை கருகியும்விட்டது.

அதனால் இருவரும் ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். மில்லின் சுவரில் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மூன்று விளக்குகள், பேஸுக்கு ஒன்றாக. சொர்ணவல்லி விளக்கைப் பார்த்தபடி சுவிட்சில் கை வைத்து நிற்பாள். திருப்பதி வெளியே நின்று பொறியைப் பார்த்தபடி கத்துவார்.

"செவப்பு வருதா?"

"வருது."

"மஞ்ச?"

"மஞ்ச வரல."

"நீலம்?"

"வந்து வந்து போவுது."

ஒரு படி அரிசி அரைத்து முடிப்பதற்குள் இதை நாற்பது தடவை சொல்லவேண்டியிருந்தது.

மின்சாரம் கொடுத்தது வட்டார மின் வழங்கு நலக் கழகம். கழகத்தின் பிரிவுப் பொறியாளர் வசந்தகுமாருக்குத் திருப்பதி பதினான்கு மாதத்தில் பதினான்கு மனுக்கள் எழுதினார். பதினான்குக்கும் பதில் வந்தது. அந்த விஷயத்தில் கழகத்தைக் குறை சொல்ல முடியாது. 'நேரில் ஆய்வு செய்ததில் பழுது ஏதும் கண்டறியப்படவில்லை' என்று ஒவ்வொன்றிலும் எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தியிருந்தது. ஆய்வும் பொய்யில்லை. ஜீப் வரும், கண்ணாடியை இறக்காமல் டிரான்ஸ்பார்மரை ஒரு சுற்றுச் சுற்றும், போய்விடும்.

ஒருமுறை திருப்பதி ஜீப்பின் குறுக்கே நின்றுவிட்டார். வசந்தகுமார் கண்ணாடியை இரண்டு விரற்கடை இறக்கினார்.

"சத்தம் கேக்குதா சார்?"

"கேக்குதுங்க. நல்லாவே கேக்குது. சத்தம் வர்றது பழுது இல்லீங்க. ஒரு மனுசன் கொறட்டை விட்டா உசுரோட இருக்கான்னு அர்த்தம். சத்தம் நின்னாச் சொல்லுங்க, ஒடனே வாரேன்."

கண்ணாடி ஏறிக்கொண்டது.

அந்த வருடம் மாசி மாதம் சென்னையிலிருந்து ஒரு கார் வந்து மில்லுக்கு எதிரே டீக்கடையில் நின்றது. அதில் வந்தவர்கள் 'த்ரீ பேஸ்' என்ற மின்னணு இசைக்குழு. பெயர் அப்படி இருந்தாலும் குழுவில் இருந்தது இரண்டே பேர்: ஷர்லி என்ற பெண், அருண்குமார் என்ற பையன். ஊரில் கேட்கிற சத்தங்களைப் பிடித்துப்போய்க் கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டிப் பாட்டாக்குவது அவர்கள் தொழில். நார்த்தாமலைக் குகையில் காற்று ஊதுகிற சத்தத்தைப் பிடிக்க வந்திருந்தார்கள். அன்றைக்குக் காற்றே அடிக்கவில்லை. வெறுங்கையோடு திரும்பும்போது டீ குடிக்க இறங்கினார்கள்.

ஷர்லி டீ கிளாஸை வாயருகே கொண்டுபோனவள் அப்படியே நின்றாள். பிறகு ஓடிப்போய் காரிலிருந்து மைக்குகளை எடுத்துவந்தாள். நீளமான கம்பு, அதன் நுனியில் பஞ்சு சுற்றிய மைக், காதில் பெரிய ஹெட்போன். கழகத்தின் தலைமை அலுவலகத்திலிருந்து கருவிகளோடு ஆய்வுக்கு வந்துவிட்டார்கள் என்று திருப்பதி நினைத்தார். பதினான்கு மாதத்தில் முதல்முறையாகக் காரிலிருந்து இறங்கி ஆய்வு செய்கிறார்கள் என்பதில் அவருக்கு ஏக சந்தோஷம். "சொர்ணம், மோட்டாரப் போடு, நல்லாச் சத்தமாச் சொல்லு" என்று உள்ளே குரல் கொடுத்துவிட்டு, மைக்குக்கு நேராக நின்று வழக்கத்தைவிடப் பலமாகக் கத்தினார். சொர்ணவல்லியும் கத்தினாள். மஞ்சள் அன்று வழக்கத்தைவிட அதிகமாக வராமல் இருந்தது. பதினான்கு மாத ஆத்திரம் முழுவதும் அவள் குரலில் ஏறியிருந்தது.

இரண்டு மணி நேரம் கழித்து ஷர்லி விஷயத்தைச் சொன்னபோது திருப்பதியின் முகம் விழுந்துவிட்டது.

"சாரி அண்ணே. ஒங்க ரெண்டு பேர் குரலையும் பாட்டுல வச்சுக்கலாமா? பேரும் போட்ருவோம்."

"அதுல என்னம்மா இருக்கு. வச்சுக்கங்க. அதக் கேட்டுட்டாச்சும் எவனாச்சும் வந்து பாத்தாச் சரி."

பாட்டு சித்திரையில் வெளிவந்தது. ஆனி முடிவதற்குள் நான்கு கோடிப் பேர் கேட்டிருந்தார்கள்.

கீரனூரில் ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில்தான் சொர்ணவல்லி முதலில் கேட்டாள். பெண் தலை குனிந்து மேடையேறுகிறது. ஒலிபெருக்கியில் 'மஞ்ச வரல, மஞ்ச வரல' என்று தன் குரலே அதிர்கிறது. பின்னால் டிரான்ஸ்பார்மர் ஙொய் என்கிறது. மாப்பிள்ளையின் நண்பர்கள் ஆடுகிறார்கள். அவள் புருஷன் பக்கம் சாய்ந்து, "ஏங்க, தாலி கட்டுற நேரத்துல கரண்டு போனதுக்கு எதுக்கு ஆடுறாங்க?" என்று கேட்டாள். அவருக்கும் தெரியவில்லை.

படித்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. மஞ்சள் என்பது தாலிக் கயிறு, அது வரவில்லை என்பது முதிர்கன்னியின் துயரம் என்று ஒரு தொலைக்காட்சியில் விளக்கினார்கள். சிவப்பு புரட்சி, நீலம் விடுதலை, அது வந்து வந்து போகிறது என்று இன்னொரு தொலைக்காட்சியில் விளக்கினார்கள். ஷர்லி எல்லாப் பேட்டியிலும், "அது பேஸ் விளக்குங்க, அந்த மில்லுக்குக் கரண்டு ஒழுங்கா வரல" என்றே சொன்னாள். படைப்பாளியின் தன்னடக்கம் என்று அதற்கும் ஒரு விளக்கம் கொடுத்தார்கள்.

திருப்பதிக்கு நம்பிக்கை வந்தது இப்போதுதான். நாலு கோடிப் பேரில் ஒருவர் மின்கழகத்தில் இல்லாமலா போவார்? அவர் நினைத்தது சரி. ஆடி மாதம் ஒரு லாரியில் பச்சை வண்ணம் மின்ன ஒரு புது டிரான்ஸ்பார்மர் வந்து இறங்கியது. கூடவே கிரேனும் வந்தது. சொர்ணவல்லி தேங்காய் உடைத்தாள். கிரேனின் கொக்கி பழையதன் கழுத்தில் மாட்டியிருந்த நேரத்தில், புழுதியைக் கிளப்பிக்கொண்டு வசந்தகுமாரின் ஜீப் வந்தது. இந்தத் தடவை அவர் இறங்கினார்.

"நிறுத்துங்க. மேலேருந்து ஸ்டே."

"எதுக்கு சார்?"

"இது இனிமே டிரான்ஸ்பார்மர் இல்லீங்க" என்றார் வசந்தகுமார். "ஒலிச் சின்னம்."

ஒலி மரபுக் காப்புக் குழு என்ற அமைப்பு இருப்பதே அன்றுவரை ஊருக்குத் தெரியாது. அமைப்புக்கே தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். ஆறு ஆண்டுகளுக்கு முன் ஏற்படுத்தப்பட்டு, காக்க வேண்டிய ஒலி எதுவும் அகப்படாமல் கூட்டப்படி மட்டும் வாங்கிக்கொண்டிருந்த குழு அது. அதன் தலைவர் முத்துராமன். எதைப் பற்றியும் அரைமணி நேரத்துக்குக் குறைந்து பேசியறியாதவர். புதுக்கோட்டையில் குளிரூட்டிய அரங்கில் கூட்டம் போட்டு, திருப்பதியையும் சொர்ணவல்லியையும் 'மரபுக் கலைஞர்கள்' என்று அட்டை எழுதி முன்வரிசையில் உட்காரவைத்தார்கள்.

முத்துராமன் எழுந்தார். "சித்தன்னவாசல் ஓவியத்தைப் பாருங்கள். ஆயிரம் ஆண்டுகள். அங்கே சிவப்பு இருக்கிறது. மஞ்சள் மங்கிவிட்டது. நீலம் வந்து வந்து போகிறது. அந்த ஓவியன் வண்ணத்தில் அழுததை இந்தத் தாய் குரலில் அழுதிருக்கிறாள். இதற்கு என்னிடம் ஆதாரம் கேட்கிறார்கள். ஆதாரம் கேட்பது அந்நிய மனப்பான்மை. ஆதாரம் இருப்பதைக் காப்பாற்ற யாராலும் முடியும். ஆதாரமே இல்லாததைக் காப்பாற்றத்தான் இந்தக் குழு இருக்கிறது."

கை தட்டினார்கள். அவர் திருப்பதியின் பக்கம் திரும்பினார்.

"இந்தப் பாடலை உங்களுக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள் ஐயா?"

"யாரும் கத்துக்குடுக்கல சார். கரண்டு வரல, கத்துனோம்."

"தன்னியல்பாக ஊற்றெடுத்தது" என்று முத்துராமன் குறிப்பெடுப்பவரிடம் சொன்னார். "அம்மா, மஞ்சள் வரவில்லை என்று பாடும்போது உங்கள் உள்ளத்தில் என்ன ஓடியது?"

"மோட்டார் ஓடலையேன்னு ஓடுச்சு" என்றாள் சொர்ணவல்லி. "சார், நீங்க பெரியவங்க. ஒங்க வீட்டுல மிக்சி இப்படிக் கத்துனா, மாலை போட்டு வச்சுக்குவீங்களா, ரிப்பேருக்குக் குடுப்பீங்களா?"

"வட்டார வழக்கின் அங்கதம்" என்று முத்துராமன் எழுதச் சொன்னார்.

ஆவணி பிறந்ததும் டிரான்ஸ்பார்மரைச் சுற்றி இரும்பு வேலி வந்தது. வேலிக்கு உள்ளே புல் வைத்தார்கள். புல்லுக்குக் குழாய் போட்டார்கள். விதிகளும் வந்தன. ஒலிச் சின்னத்தின் ஐம்பதடிக்குள் எந்தப் போல்ட்டையும் யாரும் முறுக்கக் கூடாது. எண்ணெய் விடக் கூடாது. புது டிரான்ஸ்பார்மர் வேலிக்கு வெளியே தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு தரையில் கிடந்தது. அதை இணைத்தால் பழையதன் சுருதி கெடும் என்று நிபுணர் கருத்து எழுதியிருந்தது. நிபுணர் முத்துராமன்தான்.

அந்த மாதம் மூன்றாவது தடவையாகக் காயில் கருகியது. ஒரு கல்லூரி மாணவர் கூட்டம் வேலியோரம் நின்று ஒலிச் சின்னத்தை ரசித்துக்கொண்டிருந்ததால், திருப்பதி கத்தியது உள்ளே கேட்கவில்லை. கேட்டபோது புகை வந்துவிட்டது. மாணவர்கள் புகையையும் படம் பிடித்தார்கள். மோட்டாரைக் கழற்றிக் கீரனூருக்குக் காயில் கட்ட அனுப்பிவிட்டு இருவரும் மில் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். அரைக்க வந்தவர்கள் வாளியோடு பஸ் ஏறிப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சொர்ணவல்லி அன்று எதுவுமே பேசவில்லை. திருப்பதிக்கு அது புகையைவிடப் பயமாக இருந்தது.

விஷயம் தெரிந்து ஷர்லி காப்புக் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினாள். நாங்கள் பதிவுசெய்தது ஒரு பழுதின் சத்தம், தயவுசெய்து அதைச் சரிசெய்யுங்கள், பாட்டு எங்களிடம் பத்திரமாக இருக்கிறது என்று மூன்று வரி. குழுவிடமிருந்து நான்கு பக்கம் பதில் வந்தது. ஒரு கலைப்படைப்பைப் பற்றிக் கருத்துச் சொல்ல அதைப் படைத்தவருக்குத் தகுதியில்லை என்பது அதன் சாரம்.

பழனிச்சாமி உள்ளே வருவது இங்கேதான். அவர் அந்தப் பகுதியின் லைன்மேன். இருபத்தாறு வருடமாகக் கம்பம் ஏறுகிறவர். போர்மேன் பதவி உயர்வுப் பட்டியலில் அந்த வாரம்தான் அவர் பெயர் வந்திருந்தது. புரட்டாசியில் ஒருநாள் மத்தியானம் காற்றோடு மழை பெய்து ஊர் முழுக்கக் கரண்டு போய்விட்டது. பியூஸ் போடப் பழனிச்சாமி மேலே ஏறினார். பியூஸ் போட்டு முடித்தபோது தளர்ந்துபோன போல்ட் அவர் மூக்குக்கு நேராக இருந்தது. கையில் ஸ்பானர் இருந்தது. நாலே நிமிடம்தான். மேலே ஒன்றை முறுக்கினார், இறங்கும்போது சட்டத்தில் நாலை முறுக்கினார், சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கரண்டு வந்தது. சொர்ணவல்லி மில்லுக்குள்ளிருந்து பதறி வெளியே வந்தாள்.

"என்னங்க, சத்தத்தையே காணோம். செத்துப்போச்சா?"

திருப்பதி உள்ளே எட்டிப் பார்த்தார். சுவரில் மூன்று விளக்குகளும் அசையாமல் எரிந்துகொண்டிருந்தன. மஞ்சள் இத்தனை பிரகாசமானது என்று அவருக்கு அன்றுதான் தெரிந்தது. காயில் கட்டி வந்திருந்த மோட்டாரைப் போட்டார். அது முக்கவில்லை. வந்த அரிசியை, கம்பை, கேழ்வரகை எல்லாம் மூன்று நாள் ஓயாமல் அரைத்தார். யாரும் யாரையும் பார்த்துக் கத்த வேண்டியிருக்கவில்லை. கத்துவதை விட்டால் தங்களுக்குள் பேசிக்கொள்ள என்ன இருக்கிறது என்று யோசித்து, இருவரும் கொஞ்சம் வெட்கப்பட்டார்கள். மகளைத் திருச்சியில் நர்சிங் சேர்ப்பது பற்றி அந்த மூன்று நாளில்தான் முழுசாகப் பேசி முடித்தார்கள்.

நாலாம் நாள் தஞ்சாவூரிலிருந்து ஒரு சுற்றுலா பஸ் வந்தது. அதில் வந்தவர்கள் வேலியைப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் நின்றுவிட்டு, சின்னத்தில் ஒலி இல்லை என்று புகார் எழுதிப் போட்டார்கள். சத்தம் நின்றால் உடனே வருவதாகச் சொன்ன வசந்தகுமார் சொன்னபடி ஒரு மணி நேரத்தில் வந்தார். அன்று சாயங்காலமே பழனிச்சாமி பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். 'கழகத்தின் அனுமதியின்றியும் மேலதிகாரியின் உத்தரவின்றியும் பழுதை நீக்கி, மரபுச் சின்னத்துக்கு ஊறு விளைவித்த குற்றம்' என்று குற்றச்சாட்டு.

விசாரணை கழக அலுவலகத்தில் நடந்தது. விசாரிப்பவர் வசந்தகுமார். புகார்தாரர் முத்துராமன். ஊர்ச் சாட்சியாகத் திருப்பதியைக் கூப்பிட்டிருந்தார்கள். பழனிச்சாமி ஒரு ஓரமாகக் கை கட்டி நின்றார்.

"ஏன்யா முறுக்குன?" என்றார் வசந்தகுமார்.

"லூசா இருந்துச்சு சார்."

"லூசா இருந்தா முறுக்கிர்றதா? நானும் இருபது வருசமா இந்த டிபார்ட்மென்டுல இருக்கேன். ஒன்னையாச்சும் முறுக்கியிருப்பேனா? எதுக்கும் ஒரு முறை இருக்குல்ல. புகார் வரணும், புகாருக்கு எண் போடணும், ஆய்வு நடக்கணும், பழுது இல்லைன்னு நான் எழுதணும். நீ பாட்டுக்கு நேராப் போயி சரிபண்ணிட்டா, நான் எதுக்கு இருக்கேன்?"

"பழையபடி தளர்த்தி விடட்டும்" என்றார் முத்துராமன்.

"முயற்சி பண்ணிப் பாத்தாச்சுங்க ஐயா. வேற மாதிரிச் சத்தம் வருது. அந்தச் சுருதி வரல" என்றார் வசந்தகுமார்.

முத்துராமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒரு நாகரிகத்தை நாலு நிமிடத்தில் முடித்துவிட்டான்."

திருப்பதி எழுந்தார். வீட்டிலிருந்து கிளம்பும்போது பழனிச்சாமிக்காக என்ன பேசுவது என்று அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. கையில் கிடைத்ததை ஒரு துணிப்பையில் போட்டு எடுத்துவந்திருந்தார். அதிலிருந்த பதினான்கு கடிதங்களையும் மேசையில் ஒவ்வொன்றாக வைத்தார்.

"சார், இதெல்லாம் ஒங்க கையெழுத்துத்தானுங்களே?"

"ஆமா."

"பழுது ஏதும் இல்லைன்னு பதினாலு தடவ எழுதிக் குடுத்துருக்கீங்க. பழுதே இல்லாத ஒன்ன இந்த அண்ணன் எப்படிச் சரிபண்ணியிருக்க முடியும்? சரிபண்ணாருன்னா, இதுல இருக்கிறது பூராம் பொய்யின்னு ஆகுது. இதெல்லாம் நெசம்னா, அவரு ஒன்னுமே பண்ணல. ரெண்டுல எதுன்னு நீங்களே சொல்லுங்க சார். எங்களுக்கு எதுன்னாலும் சரிதான்."

வசந்தகுமார் கடிதங்களைப் பார்த்தார். முத்துராமனைப் பார்த்தார். இருவரும் உள்ளறைக்குப் போனார்கள். ஒரு தட்டு வடை உள்ளே போனது. நாற்பது நிமிடம் கழித்து உத்தரவு வெளியே வந்தது.

வேலாங்கொல்லை மின்மாற்றியில் எக்காலத்திலும் பழுது இருந்ததில்லை. ஆகவே அது சரிசெய்யப்படவில்லை. சரிசெய்யப்படாததால் அதன் ஒலி முன்புபோலவே உள்ளது. ஒலி கேட்கவில்லை என்று கூறும் பார்வையாளர்களின் செவித்திறன் குறித்துக் கழகம் பொறுப்பேற்காது.

பழனிச்சாமி மீண்டும் வேலையில் சேர்க்கப்பட்டார். கடலோரமாக மணமேல்குடிக்கு மாற்றல் கொடுத்தார்கள். அது தண்டனை இல்லை, காற்று மாற்றம் என்று உத்தரவிலேயே குறிப்பிட்டிருந்தது. பதவி உயர்வுப் பட்டியலில் அவர் பெயர் மட்டும் வந்து வந்து போனது. ஊரைவிட்டுக் கிளம்பும்போது மில்லுக்கு வந்து, "எம்மேல வருத்தமில்லையே?" என்று கேட்டார். சொர்ணவல்லி ஐந்து கிலோ கேழ்வரகு மாவைச் சைக்கிள் கேரியரில் கட்டிவிட்டாள்.

கழகம் அடுத்த வேலையைப் பார்த்தது. வேலிக்குள் புல் நடுவே இரண்டு ஸ்பீக்கர் வைத்து, ஷர்லி பதிவுசெய்த சத்தத்தைக் காலை பத்திலிருந்து மாலை ஐந்துவரை போட ஏற்பாடானது. அப்போது ஒரு சிக்கல் வந்தது. கரண்டு சீராக வந்ததால் திருப்பதியின் மில் ஓயாமல் ஓடியது. மில் ஓடினால் ஸ்பீக்கர் கேட்கவில்லை. ஆகவே, சின்னத்தின் அமைதியைக் காக்கும்பொருட்டு மேற்படி நேரத்தில் மில்லை இயக்கக் கூடாது என்று ஓர் ஆணை வந்து மில்லின் முன்கதவிலும் பின்கதவிலும் ஒட்டப்பட்டது. பத்துக்கு முன்னும் ஐந்துக்குப் பின்னும் அரைக்கலாம். மின்தடை அறிவிப்பில் வேலாங்கொல்லைக்குக் கொடுத்திருந்த நேரம் பத்துக்கு முன்னும் ஐந்துக்குப் பின்னும்தான்.

"கரண்டு இல்லாதப்ப மில்ல ஓட்டச் சொல்றாங்க. கரண்டு இருக்கப்ப ஓட்டக் கூடாதுங்கிறாங்க" என்றார் திருப்பதி.

ஐப்பசியில் திறப்பு விழா. சென்னையிலிருந்து ஓர் உயர் அதிகாரி சிறப்பு விருந்தினர். வெயிலுக்கு நிழல் வேண்டுமென்று மேடையை மில் சுவரை ஒட்டி, அதன் புகைபோக்கி ஜன்னலுக்கு நேர் கீழே போட்டிருந்தார்கள். தார்ப்பாய்க்குள் கிடந்த புது டிரான்ஸ்பார்மரின் மேல் வெல்வெட் துணியை விரித்து, குத்துவிளக்கை அதன்மேல் வைத்திருந்தார்கள். மேடையில் இரண்டு நாற்காலி திருப்பதிக்கும் சொர்ணவல்லிக்கும். இருவரும் உட்காரவில்லை. மில்லைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருந்தார்கள். ஷர்லியும் அங்கேதான் இருந்தாள். பொன்னாடை வாங்க அழைத்திருந்தார்கள்; அவள் நேராக மில்லுக்கு வந்து, ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

"என்னாலதான் அண்ணே எல்லாம்."

"நீயா போல்ட்டத் தளர்த்துன? கண்ணத் தொடச்சுக்க" என்றாள் சொர்ணவல்லி.

அப்போது பின்பக்கக் கதவைத் தட்டிக்கொண்டு பொன்னுத்தாய் வந்தாள். பக்கத்துத் தெருக்காரி. மறுநாள் அவள் மகளுக்குக் கல்யாணம். தலையில் பதினைந்து கிலோ வறுத்த மிளகாய் வத்தல், கூட மல்லி.

"ஏப்பா திருப்பதி, இத இப்பவே அரச்சுக் குடு. சமையக்காரன் வந்து ஒக்காந்துருக்கான்."

திருப்பதி பின்கதவில் ஒட்டியிருந்த ஆணையைக் காட்டினார். பொன்னுத்தாய்க்குப் படிக்கத் தெரியும். கடைசிவரை படித்தாள்.

"நாளைக்கு நானூறு பேரு சாப்புட வாராக. இந்தக் கடுதாசியக் கரச்சா கொழம்பு வக்கிறது?"

வெளியே ஸ்பீக்கர் ஙொய் என்றது. மேடையில் எல்லாரும் கண்ணை மூடித் தலையசைத்தார்கள். சிறப்பு விருந்தினர், "என்னவொரு அமைதி" என்றார். முத்துராமன் மைக்கைப் பிடித்தார். "இந்த மண்ணின் குரலுக்கு நாம் காது கொடுத்துவிட்டோம். இனி இந்த மண் வாய் திறக்கத் தேவையில்லை" என்று தொடங்கி, இருபது நிமிடம் கழித்து, "மரபுக் கலைஞர் திருப்பதி அவர்களை மேடைக்கு அழைக்கிறேன்" என்றார். பதில் இல்லை. இரண்டாம் முறை அழைத்தார். மூன்றாம் முறை வசந்தகுமாரே மைக்கை வாங்கி, "திருப்பதி, சீக்கிரம் வாங்க, சார் கெளம்பணும்" என்றார்.

உள்ளே திருப்பதி மூன்று விளக்கையும் ஒரு பார்வை பார்த்தார். பதினோரு வருடம் குவைத்திலும், இத்தனை வருடம் இங்கேயும், அவர் எவர் சொல்லையும் தட்டியதில்லை. துண்டை எடுத்து மூக்கைச் சுற்றி இறுகக் கட்டினார். ஷர்லிக்கும் ஒரு துண்டை எறிந்தார். பிறகு சுவிட்சைப் போட்டு, வத்தலை அள்ளிக் கொட்டினார்.

மோட்டார் சத்தத்தில் ஸ்பீக்கர் அடங்கிப்போனது. நெடி ஜன்னல் வழியாக இறங்க அரை நிமிடம் ஆனது. முதலில் தும்மியவர் வசந்தகுமார். சிறப்பு விருந்தினர் ஒரு சிரிப்போடு சமாளிக்கப் பார்த்தார், சிரிப்பு பாதியில் இருமலானது. முத்துராமன் பேச்சை விடவில்லை. ஒலி என்பது, ஒலி என்பது என்று இரண்டு தடவை சொல்லி, மூன்றாவதற்கு வாய் திறந்தவர் மூட முடியாமல் நின்றார். பொன்னாடைகளை எடுத்து எல்லாரும் முகத்தைப் பொத்திக்கொண்டார்கள். நாற்காலிகள் சாய்ந்தன. காவலர் ஒருவர் கண்ணைக் கசக்கியபடி மில்லின் முன்கதவைத் தட்டினார். இன்னும் கொஞ்சம் கசக்கிக்கொண்டு திரும்பிப் போனார். கூட்டத்தில் யாரும் அசையவில்லை. மிளகாய் அரைக்கும் மில் வாசலில் நின்று பழகியவர்கள், முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு அவர்கள் பாட்டுக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பதினைந்து நிமிடத்தில் வத்தல் தீர்ந்தது. திருப்பதி மோட்டாரை நிறுத்தினார். வெளியே இருமல் மெல்ல அடங்கியது. சாய்ந்த நாற்காலிகளை நிமிர்த்தும் சத்தம் கேட்டது. தண்ணீர் பாட்டில்கள் திறக்கப்பட்டன. முத்துராமன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அன்பார்ந்த பெரியோர்களே" என்று மறுபடி தொடங்குவது கேட்டது.

பொன்னுத்தாய் சாக்கில் விழுந்திருந்த பொடியில் ஒரு சிட்டிகை எடுத்துக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தாள்.

"கொரகொரன்னு இருக்குப்பா. இன்னொரு தடவ போடு."